கிட்டே போனால் திமிங்கிலம் ஏன் மூழ்கிவிடுகிறது?

கேள்வி: எங்கள் மீனவ ஊரில் சிலர் சேர்ந்து, ஃபைபர் படகில் பயணிகளைத் திமிங்கிலம் பார்க்க அழைத்துப் போகிறோம். எவ்வளவு நெருங்கலாம்? கிட்டே போனாலே மூழ்கிவிடுகிறதே?

பதில்: தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பல நாட்டு விதிகளின்படி 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது. 300 மீட்டரிலேயே வேகம் குறைய வேண்டும். அந்த 300 மீட்டர் வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுக்கு மேல் ஆகாது. குட்டியோடு இருந்தால் வட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமை என்றால் அதுதான் கணக்கு.

ஆனால் தூரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. படகு வரும் விதமும் அதை விரட்டும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும், காற்றில் பாய்வதைப்போல நான்கு மடங்குக்கு மேல். நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்கள் இன்ஜினைக் கேட்டிருக்கும். ஒரே சீரான சத்தத்தைவிட, திடீரென்று ஆக்சிலேட்டரை முறுக்குவதும் கியரை மாற்றி மாற்றிப் போடுவதும்தான் அதைக் கலைக்கின்றன. ஆகவே 6 நாட் (knot) வேகத்துக்குக் கீழே, அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டருக்குள், பின்னால் அலை எழும்பாத வேகத்தில் போங்கள். நேர் எதிரே போவது வழிமறிப்பது; வாலுக்கு நேர் பின்னால் போவது துரத்துவது. பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, அது போகும் திசைக்கு இணையாக ஓட்டுங்கள். அதுவாகவே படகை நோக்கி வந்தால் நியூட்ரலில் போட்டுக் காத்திருங்கள். விசிறி சுழலக் கூடாது.

ஸ்பெர்ம் திமிங்கிலம் முக்கால் மணி நேரம்போல ஆழத்தில் இரை தேடிவிட்டு, மேலே வந்து எட்டுப் பத்து நிமிடம் மூச்சு வாங்கும். ஐந்தாம் நிமிடத்தில் விரட்டிவிட்டால் அரைகுறை மூச்சோடு இறங்கும். இரை தேடும் நேரம் சுருங்கும். திசையை அடிக்கடி மாற்றுவது, மூச்சு இடைவெளி தாறுமாறாவது, வாலால் தண்ணீரை ஓங்கி அடிப்பது, தாய் குட்டிக்கும் படகுக்கும் நடுவில் வருவது: இதில் ஒன்று தெரிந்தாலும் மெல்ல விலகுங்கள்.

ஒரு படகுக்கு 20 நிமிடம், பிறகு வயர்லெஸ்ஸில் அடுத்தவருக்கு முறை என்று கரையிலேயே பேசி வையுங்கள். 'மிக அருகில் காட்டுகிறோம்' என்று மட்டும் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அந்த வாக்குதான் நல்ல ஓட்டுநரையும் நெருங்க வைக்கிறது.

வலையில் சிக்கிய திமிங்கிலத்தைக் கண்டால், இழுபடும் கயிற்றையோ மிதவையையோ அறுக்க வேண்டாம். உடம்பை இறுக்கும் சுற்று அப்படியே இருக்கும். மீட்புக் குழு பற்றிக்கொள்ள இருந்த பிடியும் போய்விடும். தண்ணீரில் குதிப்பது உயிருக்கே ஆபத்து. ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக் கடலோரக் காவலுக்குச் சொல்லிவிட்டு, குழு வரும்வரை தள்ளி நின்று கண்ணில் வைத்திருங்கள்.