முதல்ல அந்த சட்டைய கழட்டுங்க

கேள்வி: எனக்கு வயசு 29, கல்யாணம் ஆகி 14 மாசம் ஆச்சு. மனைவிக்கு ப்ரமோஷனோட வேற ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்துச்சு, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி நான் என் வேலைய ரிசைன் பண்ணிட்டு கூட வந்துட்டேன். ஒரு மாசத்துல வேற வேலை கிடைச்சிடும்னு நினைச்சேன், 7 மாசம் ஆயிடுச்சு, இன்டர்வியூ போய்ட்டு தான் இருக்கேன். புது வீடு புது ஊரு எல்லாம் செட் ஆயிட்டு வருது. ரெண்டு வீட்டுக்கும் தினமும் அப்டேட் குடுத்துருவோம், ஃபேமிலி குரூப்ல போட்டோ போடுவோம், ராத்திரி 8 மணிக்கு எங்க அம்மா வீடியோ கால்ல வருவாங்க. அவங்க வீணா கவலைப்படுவாங்கன்னு புது கம்பெனில சேந்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன், அந்த கால் வரும்போது மட்டும் ஒரு ஆபீஸ் சட்டைய எடுத்து மாட்டிக்குவேன், மனைவியும் கூட உக்காந்து சமாளிச்சிடுவா, அதுல பிரச்சனை இல்ல. மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புற பணமும் நிக்கல. பிரச்சனை என்னன்னா மனைவி முன்ன மாதிரி பேசறதில்ல. கால் முடிஞ்சதும் எந்திரிச்சு உள்ள போயிடுறா. அவங்க அம்மாகிட்ட தினமும் பேசினவ இப்ப வாரத்துக்கு ஒரு தடவ பேசினா அதிகம். கேட்டா ஒன்னும் இல்லங்கறா. புது இடம் ஒத்துக்கலையா, ஆபீஸ் டென்ஷனா? நாலு நாள் எங்கயாவது டூர் கூட்டிட்டு போனா சரியாகுமா?

பதில்: தம்பி, ஊரு, வீடு, ட்ரான்ஸ்ஃபர், டென்ஷன்னு நிறைய எழுதிருக்கீங்க, அதையெல்லாம் தள்ளி வெச்சிட்டு ஒரே ஒரு வரிய தான் நான் திரும்ப திரும்ப படிச்சேன். "மனைவியும் கூட உக்காந்து சமாளிச்சிடுவா, அதுல பிரச்சனை இல்ல." பிரச்சனை இல்லன்னு நீங்க எழுதின இடத்துல தான் மொத்த பிரச்சனையும் இருக்கு. இந்த மாதிரி லெட்டர் எனக்கு வந்துக்கிட்டே தான் இருக்கு, வேலை போனத மறைச்சவங்க, கடன மறைச்சவங்க, பரிட்சைல ஃபெயில் ஆனத மறைச்சவங்கன்னு, எல்லாரும் "அவங்க கவலைப்படுவாங்கன்னு சொல்லல" அப்படின்னு தான் எழுதுறாங்க, அந்தப் பொய்ய கட்டி காப்பாத்த வீட்ல இன்னொரு ஆள் எவ்வளவு பாடு படுதுன்னு மட்டும் யாரும் எழுதறதில்ல.

வேலை இல்லாததுக்கு உங்கள நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மனைவிக்கு கிடைச்ச வாய்ப்ப மதிச்சு கூட போனீங்க, அது சரியான முடிவு தான், அதுல நான் உங்க பக்கம். சீக்கிரம் வேலை கிடைச்சிடும்னு ஆறுதலும் சொல்ல மாட்டேன், அது எனக்கு எப்படி தெரியும்? ஆனா அந்த சட்டைக்கு நான் திட்டியே ஆகணும்.

அந்த 8 மணி கால கொஞ்சம் அந்தப் பொண்ணு உக்காந்துருக்க இடத்துல இருந்து பாருங்க. நாள் பூரா ஆபீஸ்ல உழைச்சிட்டு வருது, அதுவும் ப்ரமோஷன் வந்த புது பொறுப்பு, புது ஆளுங்க. வீட்டுக்கு வந்து மூச்சு விடறதுக்குள்ள நீங்க பீரோவ திறந்து இஸ்திரி போட்ட சட்டைய எடுக்கறீங்க. உங்க அம்மா போன்ல வந்து "என்னம்மா, இவன் மூஞ்சே சரியில்லையே, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா"ன்னு அவங்கள பாத்து கேக்கறாங்க. அவங்க உங்கள ஒரு பார்வை பாத்துட்டு "ஆமா அத்தை, கொஞ்சம் டெட்லைன்"ன்னு சொல்லணும். நீங்க புது கம்பெனில சேந்துட்டேன்னு ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டீங்க, அதுக்கப்புறம் மேனேஜர் எப்படி, லீவு உண்டா, எத்தன மணிக்கு கிளம்புறான், போற வழில ட்ராஃபிக்கான்னு தினம் தினம் அந்தப் பொய்க்கு செங்கல் எடுத்து குடுக்கறது அவங்க. இன்னைக்கு என்ன சொன்னோம்னு நாளைக்கு ஞாபகம் வெச்சிக்கிறதும் அவங்க. அது முடிஞ்சதும் எந்திரிச்சு உள்ள போயிடுறாங்கன்னு ஆச்சரியப்படுறீங்களே, வேற என்ன பண்ண சொல்றீங்க, உங்க கூட உக்காந்து சிரிச்சு பேசவா?

அம்மாகிட்ட நீங்க சொல்ற பொய்க்கும் உங்க மனைவி சொல்ற பொய்க்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. நீங்க பெத்த பிள்ளை, நாளைக்கு உண்மை தெரிஞ்சா அழுவாங்க, ரெண்டு நாள் பேச மாட்டாங்க, மூணாவது நாள் "சாப்டியா"ன்னு போன் வந்துடும். மருமகளுக்கு அப்படி இல்ல. 14 மாசத்துல மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல நம்பிக்கை இப்ப தான் வேர் விடுது, அந்த வேர்ல நீங்க தினமும் வெந்நீர் ஊத்துறீங்க. உண்மை வெளிய வர்ற அன்னைக்கு உங்க சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னு நான் சொல்லட்டுமா? "அவ வேலைக்காக தான நம்ம பையன் வேலைய விட்டான், அவ தான சொல்லாதன்னு வாய கட்டி வெச்சிருப்பா, எவ்வளவு அழுத்தக்காரி பாரு, முகத்துக்கு நேரா சிரிச்சுக்கிட்டே பொய் சொல்லிருக்கா." உங்கள ஒருத்தர் குத்தம் சொல்ல மாட்டாங்க. பையன் பாவம் ஆயிடுவான், பொண்ணு கெட்டவ ஆயிடுவா. இது நடந்து பாத்தவ சொல்றேன். ஒரு கல்யாணத்துல புருஷனோட முதல் கடமைன்னு நான் நம்புறது, தன் வீட்டு ஆளுங்க மத்தில மனைவியோட பேர் கெடாம பாத்துக்கிறது தான், சம்பாதிச்சு போடுறதெல்லாம் அதுக்கு அப்புறம். அந்தக் கடமைல தான் நீங்க 7 மாசமா தவறிக்கிட்டு இருக்கீங்க.

அப்புறம் அந்த பணம். மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புற பணம் நிக்கலன்னு பெருமையா ஒரு வரி எழுதிருக்கீங்க. 7 மாசமா உங்களுக்கு சம்பளம் இல்ல, சேமிப்புன்னும் எங்கயும் எழுதல, அப்ப அது யார் சம்பளம் தம்பி? மருமக காசுல மாமனார் மாமியார் வீடு நடக்கறது தப்பே இல்ல, ரொம்ப நல்ல விஷயம், குடும்பம்னா அப்படி தான் இருக்கணும். ஆனா அது உங்க அம்மாவுக்கு தெரியுமா? "என் பையன் மாசம் தவறாம அனுப்பிடுறான்"ன்னு அவங்க நாலு பேர்கிட்ட சொல்லும்போது, அந்த நாலு பேர்ல ஒருத்தியா உங்க மனைவியும் உக்காந்து தலையாட்டணும். கொடுத்தவளுக்கு நன்றியும் போச்சு, கொடுத்தேன்னு சொல்ற உரிமையும் போச்சு. அவங்க உங்ககிட்ட இத ஒரு நாளும் சொல்லிக்காட்டிருக்க மாட்டாங்கன்னு உங்க லெட்டர்ல இருந்தே தெரியுது, சொல்லிருந்தா நீங்க எழுதிருப்பீங்க. அந்த மௌனத்த போய் ஆபீஸ் டென்ஷன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க.

அவங்க ஏன் சொந்த அம்மாகிட்ட பேசறத குறைச்சிட்டாங்கன்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா? பெத்த அம்மாவுக்கு குரல்லயே தெரிஞ்சிடும், என்னடி ஆச்சுன்னு ஒரு கேள்வி கேட்டா அழுகை வந்துடும், அழுதா உண்மை வந்துடும், உண்மை வந்தா சம்பந்தி மூலமா உங்க அம்மா காதுக்கு போயிடும். அதனால போனையே எடுக்கறதில்ல. உங்க அம்மாவ கவலைல இருந்து காப்பாத்தறேன்னு கிளம்பி, அவங்க அம்மாவ அவங்ககிட்ட இருந்து பிரிச்சிட்டீங்க. கொலம்பியா யுனிவர்சிட்டில மைக்கேல் ஸ்லெபியன்ங்கறவர் ரகசியம் வெச்சிருக்கவங்கள பத்தி ஆராய்ச்சி பண்ணி 2017-ல வெளியிட்டாரு. அடுத்தவங்க முன்னாடி உக்காந்து மறைக்கிற நேரத்த விட, யாருமே பக்கத்துல இல்லாதப்ப மனசு தானா அந்த ரகசியத்துக்கிட்டயே போய் போய் நிக்கிறது தான் ரொம்ப அதிகமாம், மனுஷன சோர்வாக்கறதும் அது தானாம். அதாவது உங்க 8 மணி வீடியோ கால் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், அவங்களுக்கு அது முடியறதில்ல, ஆபீஸ் போற வழியிலயும் ராத்திரி படுத்ததுக்கு அப்புறமும் ஓடிக்கிட்டே இருக்கும். அதுவும் அது அவங்க ரகசியம் கூட இல்ல.

"அம்மா கவலைப்படுவாங்க"ன்னு சொல்றீங்க. படட்டுமே. பிள்ளைக்காக கவலைப்படறது பெத்தவங்களோட உரிமை, அத எடுத்துக்க நீங்க யாரு? சந்தோஷமான போட்டோ மட்டும் அனுப்பி வெச்சா அவங்கள பாத்துக்கிறதா அர்த்தமா? திரைல தெரியறது யாரோ ஒரு வேலைக்கு போற பையன், உங்க அம்மா 7 மாசமா அவன்கிட்ட தான் பேசிக்கிட்டு இருக்காங்க, நிஜமான பிள்ளை எப்படி இருக்கான்னு அவங்களுக்கு தெரியவே தெரியாது. நீங்க கவலைய மறைக்கல தம்பி, வெக்கத்த மறைக்கிறீங்க, அத அம்மா பேர்ல எழுதி வெச்சிருக்கீங்க.

இத இந்த வாரமே முடிச்சிடுங்க. வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க, ஏன்னா வேலை கிடைச்சா சொல்லவே மாட்டீங்க, அது தான் சரியாயிடுச்சேன்னு விட்டுடுவீங்க, அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அத மனசுல சுமந்துக்கிட்டு உங்க அம்மா முன்னாடி நிக்கணும். நேர்ல போக முடிஞ்சா நேர்ல போங்க, முடியலன்னா போன் பண்ணுங்க, ஆனா குரூப்ல போடாதீங்க, 8 மணி காலுக்கு நடுவுலயும் சொல்லாதீங்க. மனைவிய பக்கத்துல உக்கார வெச்சிக்காதீங்க, இத்தனை நாள் உக்கார வெச்சது போதும். அப்பாவும் கூட இருக்கற நேரமா பாருங்க, அப்பாவுக்கு அப்புறம் அம்மா மூலமா தெரியட்டும்ங்கறது அவருக்கு மரியாதை இல்ல. சுத்தி வளைக்காம சொல்லுங்க: அம்மா, எனக்கு 7 மாசமா வேலை இல்ல, வேலைல இருக்கேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன், அவளையும் சொல்ல வெச்சது நான் தான், மாசம் வர்ற பணம் அவ சம்பளம். இதுல "நாங்க நினைச்சோம்", "நாங்க முடிவு பண்ணோம்"னு ஒரு இடத்துல கூட வரக்கூடாது, "நான்" தான் வரணும். கத்துவாங்க, அழுவாங்க, கேட்டுக்கோங்க, போனை வெச்சிடாதீங்க. "அவ கூட சொல்லலையே"ன்னு அவங்க ஆரம்பிச்சா அங்க மட்டும் குறுக்க பேசுங்க, அங்க விட்டுக்குடுத்தீங்கன்னா இவ்வளவு சொன்னதும் வீண்.

இன்டர்வியூலயும் இந்த 7 மாச இடைவெளிய மறைக்காதீங்க. பழைய கம்பெனி குடுத்த ரிலீவிங் லெட்டர்ல கடைசி நாள் தேதி தெளிவா இருக்கும், வேலைல சேத்துக்கறதுக்கு முன்னாடி சரி பார்ப்பாங்க. மனைவியோட ட்ரான்ஸ்ஃபருக்காக ஊர் மாறினேன்னு நேரா சொல்றதுல ஒரு குறையும் இல்ல.

வீட்ல இருக்கற நேரத்துல என்ன பண்றீங்கன்னு லெட்டர்ல ஒரு வரி கூட இல்ல, அதையும் கவனிச்சேன். ஆஸ்திரியாவுல மரியந்தால்னு ஒரு சின்ன ஊரு, ஊரே நம்பியிருந்த மில்ல மூடினதுக்கு அப்புறம் அங்க இருந்த குடும்பங்கள மாரி யஹோடாங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் போய் பாத்து 1933-ல எழுதினாங்க. ஆம்பளைங்களுக்கு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன பண்ணோம்னே சொல்ல தெரியலயாம், தெருவுல நடக்கற நடை கூட மெதுவாயிடுச்சாம், பொம்பளைங்க மட்டும் வீட்டு வேலைய பாத்துக்கிட்டு வேகமா நடந்தாங்களாம். உங்க வீட்ல மில் வேலையும் வீட்டு வேலையும் ஒரே ஆள் தலைல இருக்குதோன்னு எனக்கு சந்தேகமா இருக்கு. அப்படி இருந்தா இன்னைக்கே மாத்துங்க, சமையல், துணி, வீட்டு கணக்கு எல்லாம் உங்க பொறுப்பு, உதவின்னு சொல்லிக்கிட்டு பண்ணாதீங்க. வேலை கிடைச்சதும் பாதி பாதியா பிரிச்சிக்கோங்க.

டூர் வேணாம். அதுக்கும் அவங்க சம்பளம் தான் போகும், நாலு நாளும் 8 மணிக்கு போன் வரும், சட்டைய பெட்டில வெச்சு எடுத்துட்டு போவீங்க.

உங்க அம்மாகிட்ட சொன்ன மறுநாள் உங்க மாமியாருக்கு நீங்களே போன் பண்ணி அதே விஷயத்த அதே மாதிரி சொல்லுங்க, உங்க பொண்ணு என்னால தான் உங்ககிட்ட பேசாம இருந்தான்னு சேத்து சொல்லுங்க. அப்புறம் மனைவிகிட்ட போனை குடுத்துட்டு வெளிய எங்கயாவது போய்ட்டு வாங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசட்டும். வந்து என்ன பேசினன்னு கேக்காதீங்க.