விலங்குகள், பறவைகளிடமிருந்து மனிதர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வாழ்க்கைப் பாடம் எது?

கேள்வியைப் பார்த்தால் பிள்ளையின் பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கொடுக்கக் கேட்டது மாதிரி இருக்கிறது. எறும்பின் சுறுசுறுப்பு, காகத்தின் ஒற்றுமை, நாயின் நன்றி போதுமென்றால் மற்றவர்களின் பதில்களிலேயே எல்லாம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கழுகுக் கதையை மட்டும் தயவுசெய்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கழுகு 70 வருஷம் வாழுமாம். 40 வயதில் அலகு வளைந்துபோகுமாம். மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்ததும் நகத்தையும் இறகையும் பிடுங்கிப்போட்டு, 150 நாளில் மறுபிறவி எடுக்குமாம். வாட்ஸ்அப்பில் நான் இருக்கிற ஒரு குழு பாக்கியில்லாமல் வந்துவிட்டது. அலகை உடைத்துக்கொண்ட பறவை எதை வைத்துத் தின்னும்? ஐந்து மாதம் பட்டினி கிடந்தால் செத்துத்தான் போகும். அலகு நம் நகம் மாதிரி, தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பது. இறகு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைக்கும். காட்டில் ஒரு கழுகு முப்பது வயதைத் தாண்டுவதே அபூர்வம். இந்தக் கதையைச் சொல்ல என் மகன் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பேச்சாளரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு வந்தார்கள். அந்த வருஷம் போனஸைக் குறைத்தார்கள். சரி, அது வேறு கதை.

எனக்குக் கழுகைத் தெரியாது. கோழியைத் தெரியும். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்ததிலிருந்து சிறுவிடைக் கோழிகள், அதாவது சின்ன உருவமுள்ள நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். பண்ணையெல்லாம் இல்லை, வீட்டைச் சுற்றித் திரிகிறவைதான்.

நாட்டுக்கோழி ஒரேயடியாக முட்டையிடாது. பத்துப் பன்னிரண்டு முட்டை சேரவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். சேர்ந்ததும் பழைய கூடையில் மணல் பரப்பி முட்டைகளை அடுக்கி, கரித்துண்டு, இரும்பு ஆணி, மிளகாய் வற்றல் போட்டு அடை வைப்போம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் இருக்க. அதற்குப் பலன் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், என் மாமியார் வைத்தார், நானும் வைக்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், முதல் நாள் இட்ட முட்டையும் கடைசி நாள் இட்ட முட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே பொரியும். கோழி படுத்துச் சூடு கொடுத்தால்தான் உள்ளே கரு வளரத் தொடங்கும், அதுவரை முட்டை சும்மாதான் இருக்கும்.

அப்புறம் 21 நாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து, கொஞ்சம் தின்று, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டு ஓடி வந்து படுத்துவிடும். முட்டைகளை அலகால் அவ்வப்போது புரட்டிவிடும். கொண்டை வெளுத்து, உடம்பு வற்றி, பார்க்கவே பாவமாக இருக்கும். கையை நீட்டினால் கொத்தும். பொரிகிறதற்கு முன்பே முட்டைக்குள்ளிருந்து குஞ்சு சத்தம் கொடுக்கும், வெளியிலிருந்து தாய் பதில் கொடுக்கும். காதை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றிரண்டு முட்டை பிந்தும். பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், அதை வைத்து இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்கும். பண்ணைக் குஞ்சுகளைப் பொரித்த அன்றே பெட்டியில் அடுக்கி ஊர் விட்டு ஊர் அனுப்ப முடிவது இதனால்தான். அந்த அவகாசம் வரைக்கும்தான் தாய் காத்திருக்கும். அதற்குப் பிறகும் பொரியாத முட்டையை அப்படியே விட்டுவிட்டு, பொரிந்தவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். எட்டுக் குஞ்சு பசியில் கத்தும்போது ஒரு முட்டைக்காக உட்கார்ந்திருக்க அதற்கு முடியாது. என் மாமியார் அந்த முட்டையை எடுத்து, அடையில் இருக்கிற வேறு கோழியின் அடியில் தள்ளிவிடுவார்.

அடுத்த இரண்டு மாதம் அந்தக் கோழி நாயைக்கூட விரட்டும். பருந்து நிழல் தெரிந்தால் ஒரு தனிக் குரல், குஞ்சுகள் எங்கே இருந்தாலும் இறக்கைக்கு அடியில் வந்து ஒளிந்துகொள்ளும். புழு கிடைத்தால் தான் தின்னாது, கூப்பிட்டுக் கீழே போடும்.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். தாய்மை, தியாகம் என்று படம் போட்டு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் அனுப்புவதில்லை. இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். ஒரு நாள் காலையில் தானியம் போடும்போது பக்கத்தில் வந்த குஞ்சைத் தாயே நடு மண்டையில் கொத்தும். குஞ்சுக்கு ஒன்றும் புரியாது, மறுபடி போகும், மறுபடி கொத்து வாங்கும். ராத்திரி தாய் முருங்கை மரத்தில் ஏறிவிடும், இவை கீழே நின்று கத்தும். ஒரு வாரத்தில் அவை தனியாக மேயப் பழகிவிடும். குஞ்சைப் பிரித்துவிட்டது என்போம். அப்புறம் பார்த்தால் வெளுத்த கொண்டை சிவந்திருக்கும், கோழி அடுத்த முட்டைக்குத் தயார்.

என் மகனுக்குக் கல்யாணமாகி எங்களோடுதான் இருந்தான். சம்பளத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்ரோலுக்கு என்னிடமே கேட்பான். மருமகள் ஒரு தட்டு வாங்குவதென்றாலும் என் முகத்தைப் பார்ப்பாள். சண்டை இல்லை. சண்டை இல்லாமல் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன்: "தம்பி, பக்கத்துத் தெருவில் வீடு பாரு. அட்வான்ஸ் நான் தர்றேன்." அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரரும் என்னோடு பேசவில்லை. நாத்தனார் ஊரிலிருந்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமாம்பாங்க, நீங்க கொத்தியே விரட்டிட்டீங்களே மதினி" என்றார். அவர் குத்திக்காட்டத்தான் சொன்னார். கோழி அதைத்தானே செய்யும் என்றேன். அதோடு காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

உடனே கூட்டுக்குடும்பத்தை உடைக்கச் சொல்கிறேன் என்று எழுத வேண்டாம். சேர்ந்து இருந்து நன்றாக இருப்பவர்கள் இருக்கட்டும். யானையைப் பார், கடைசி வரை கூட்டமாக வாழ்கிறது என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எங்கள் சொந்தக்காரர்தான், என்னிடம் வாதம் செய்தார். பெண் யானைகள்தான் அப்படித் தாயோடு இருக்கும். ஆண் யானைக்குப் பன்னிரண்டு, பதினைந்து வயது ஆகிற வாக்கில் கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். பசுவும் அடுத்த கன்று ஈனும் நேரத்தில் பழைய கன்றை மடியில் அண்ட விடாது. கோழி யோசித்துப் பாடம் நடத்துகிறது என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு உடம்பு மாறுகிறது, அடுத்த முட்டை வருகிறது, கொத்துகிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் புத்தி வந்ததென்றால் அது என் பாடு. வளர்த்த கோழியை அடித்துச் சாப்பிடுகிறாயே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: ஆமாம், சாப்பிடுகிறோம்.

அதிலும் கறிக்கடைப் பிராய்லரை நினைத்தால்தான் எனக்குச் சங்கடம். அது இன்குபேட்டரில் பொரிந்தது, தாயைப் பார்த்ததே இல்லை. ஆறு வாரத்தில் கறியாகிவிடும். சிறுவிடைத் தாய் குஞ்சைப் பிரிக்கிற வயதுக்கு அது வருவதே இல்லை. முட்டைக்கென்று வளர்க்கிற வெள்ளை லெகார்னுக்கு அடை படுக்கிற குணத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அடையில் உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகுமே.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டவுனில் ஒரு கடையில் 'ஒரிஜினல் நாட்டுக்கோழி' என்று எழுதி வைத்து விற்பதெல்லாம் கொட்டகையில் அடைத்து வளர்த்த கிராஸ் கோழி. எல்லாம் ஒரே அளவு, ஒரே பருமன், ஆள் போனால் தீனிக்குக் கிட்டே வரும். நாட்டுக்கோழி ஆளைக் கண்டால் கூரையில் ஏறும், பத்துக் கோழி பத்து நிறத்தில் இருக்கும். பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று வாங்கி ஏமாறாதீர்கள், ஓட்டின் நிறம் கோழியின் ரகத்தைப் பொறுத்தது. எங்கள் கோழி முட்டை பண்ணை முட்டையைவிடச் சின்னது. வீட்டு வாசலில் வந்து அதே கோழியை என்னிடம் பாதி விலைக்குக் கேட்கிற வியாபாரியை என்ன செய்வது?

மகனைப் பற்றிக் கேட்பீர்கள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று அவனுக்கே தெரிகிறது இப்போது. போன மாதம் அடைக்கு ஒரு கோழி கேட்டான். முட்டையோடு கொடுத்தேன், காசு வாங்கிக்கொண்டுதான். மருமகளைப் பற்றி இங்கே எதுவும் எழுதுவதாக இல்லை, அவளும் இந்தத் தளத்தில் இருக்கிறாள்.