மரத்துக்கு வடம் கட்டுவதற்கு ஒரு படிப்பா?

ஐயா,

"மரத்தில் கம்பி கட்டுவதற்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நன்றாகப் படிக்கிற மகள் மரப் பராமரிப்பு வேலைக்குப் போகிறேன் என்றால் எந்தத் தகப்பனுக்கும் பதறத்தான் செய்யும். ஆபத்தான வேலை என்பதையும் மறைக்கமாட்டேன். ஆனால் அவள் விரும்புவது ஏறும் வேலையை மட்டும் அல்ல. ஏறுவதற்கு முன் முடிவெடுக்கும் வேலையை.

அன்று என் அறையில் உட்கார்ந்து ஒரு தாளில், மரம் இரண்டாகப் பிரியும் கவையை வரைந்தாள். சம பருமனுள்ள இரு தண்டுகள், நடுவே உள்மடிந்து சிக்கிய பட்டை. அந்த மடிப்பை மட்டும் பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினாள். காற்றில் பிளக்கக்கூடிய இடம் அதுதான். அங்கே கட்டையும் கட்டையும் ஒட்டுவதே இல்லை.

அது பிளக்காமல் இருக்க இரு தண்டுகளையும் வடத்தால் பிணைப்பதுதான் நீங்கள் சொல்லும் கம்பி கட்டுவது. பழகாதவர் இரு தண்டுகளையும் கம்பியால் சுற்றி முறுக்கிவிடுவார். தண்டு பருக்கப் பருக்க, கம்பி பட்டைக்குள் புதைந்து, இலையில் உண்டான உணவு கீழே இறங்கும் வழியை நெரித்துவிடும். பயின்றவர் கவைக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குப் போவார். அங்கே நெம்பும் வலு அதிகம் என்பதால் சிறு விசையே போதும். தண்டைத் துளைத்து, வடத்தை மாட்டத் தலையில் வளையமுள்ள கண் போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, மறுபக்கம் வாஷரும் நட்டும் போட்டு முடுக்குவார். போல்ட்டு வடம் இழுக்கும் திசையிலேயே நிற்க வேண்டும்; கோணினால் வளைந்துவிடும். திடமான சிறு கிளைக்கு மரையுள்ள கொக்கியைத் திருகினாலே போதும். உள்ளே உளுத்திருந்தால் அது பிடிக்காது.

துளையும் காயம்தானே என்பீர்கள். காயம்தான். மரம் காயத்தை நம் தோலைப்போல ஆற்றுவதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று மர நோய்களை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் அலெக்ஸ் ஷைகோ 1977இல் விளக்கினார். நலமான மரம் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். நெரிப்புக்கு அதனிடம் மருந்து இல்லை.

எஃகா, செயற்கை இழையா என்பது அவளுடைய கேள்வி. விரிசல் விட்டுவிட்ட கவைக்கு அசையவிடாத எஃகு வடமும், கவையின் குறுக்கே மரையிட்ட எஃகுத் தண்டும் வேண்டும். விரிசல் இல்லாமல் சந்தேகம் மட்டும் உள்ள இடத்தில் நான் இழை வடத்தின் பக்கம்தான். துளை தேவையில்லை, கொஞ்சம் ஆடவும் விடும். ஆட்டம் மரத்துக்கு வேண்டும், ஆடி ஆடித்தான் அது தன் கட்டையை உரமாக்கிக்கொள்கிறது. ஆனால் வெயில் இழையை நலிவாக்கும், குறித்த ஆண்டுகளில் மாற்றியே ஆகவேண்டும். தாழ்ந்து நீண்ட கிளைக்கு முட்டுக்கால் போதும்.

இத்தனையும் தெரிந்த அவள், வடம் கட்டத்தான் வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. நுனியைக் குறைத்து எடையை இறக்கினால் போதுமா, மரத்தையே எடுத்துவிட வேண்டுமா, விழுந்தால் அடியில் யார் இருப்பார்கள்? அதைக் கற்றுக்கொள்ளத்தான் படிப்பு.

தாவரவியல், வனவியல், தோட்டக்கலை எதுவும் பொருந்தும். அதோடு பயிற்சி பெற்ற குழு ஒன்றில் சேரட்டும். முதலாண்டு தரையிலேயே நின்று கயிறும் முடிச்சும் பழகட்டும். 1924இல் தொடங்கிய, மரப் பராமரிப்பாளர்களின் உலகச் சங்கமான இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்போரிகல்ச்சர் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுக்கு மூன்றாண்டு முழுநேர அனுபவம் வேண்டும். தொடர்புடைய பட்டம் இருந்தால் அது குறையும். சேருமுன் நிறுவனத்திடம் ஒன்று கேளுங்கள்: கட்டிய வடங்களைப் பதிவேட்டில் குறித்து, ஆண்டுதோறும் போய்ப் பார்க்கிறார்களா? இல்லை என்றால் மகளை அங்கே அனுப்பாதீர்கள்.

இந்த வாரம் அவளோடு ஒரு பெரிய மரத்தடிக்குப் போய், "இதற்கு வடம் வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே "வேண்டும்" என்று சொல்லிவிட்டாள் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுப்போம். சுற்றி வந்து, தூரைத் தட்டிக் கேட்டு, வேர்ப்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள் என்றால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.