ஒரே சான்றிதழ், பல வழிகள்: மேல்நிலை மாணவர்களுக்கான ஒருங்கிணைந்த டிப்ளமா பற்றிக் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் பிள்ளைகள் நான்கு திசையில் பிரிகிறார்கள்: மேல்நிலைப் பொதுப்பிரிவு, மேல்நிலைத் தொழிற்பிரிவு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக். நான்குக்கும் நான்கு சான்றிதழ்கள். ஊரில் கிடைக்கும் மரியாதையும் நான்கு விதம். இவற்றை ஒரே டிப்ளமாவின் கீழ் கொண்டுவர முடியுமா என்பது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இந்தப் பகுதிப் பள்ளிகளில் மேல்நிலைக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் வடிவம் இது. அரசுத் திட்டம் எதையும் நான் அறிவிக்கவில்லை.

ஐயா, ஒருங்கிணைந்த டிப்ளமா என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடமா? (ஒரு தாய், தங்கச்சிமடம்)

இல்லை அம்மா. பாடம் பலவாகவே இருக்கும், சான்றிதழ்தான் ஒன்று. தமிழ், ஆங்கிலம், அன்றாட வாழ்வுக்கான கணிதம் ஆகியவை எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் இயற்பியலோ, கணக்குப்பதிவியலோ, மோட்டார் பழுதுபார்ப்போ, செவிலியமோ, பிள்ளை விரும்பி எடுப்பது முதன்மைப் படிப்பு. மூன்றாவதாக, மாணவரே திட்டமிட்டுச் செய்து முடிக்கும் ஒரு செயல்திட்டம்.

இந்த அமைப்பின் உயிர் வேறொன்றில் இருக்கிறது. படித்த ஒவ்வொரு பகுதியும் அன்றே கணக்கில் ஏற வேண்டும். பிறகு எந்தக் காலத்திலும் அழியக் கூடாது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2018-இல் தொடங்கி, 2025-இல் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், வீட்டுச் சூழலால் பதினொன்றோடு நின்றுவிடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஓராண்டு முழுக்கப் படித்திருக்கிறாள். கையில் இருப்பதோ பத்தாம் வகுப்புச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும்தான். மூன்றாண்டு கழித்துத் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து அவள் தொடர முடிய வேண்டும். அதற்கு வழி செய்யாத டிப்ளமாவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் பயனில்லை.

வேறு எங்காவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா? (ஆசிரியர், மண்டபம்)

இங்கிலாந்தின் கதையை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். பள்ளிகளின் முன்னாள் தலைமை ஆய்வாளர் மைக் டாம்லின்சன் தலைமையிலான குழு 2004 அக்டோபரில் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. 14 முதல் 19 வயது வரையிலான ஜி.சி.எஸ்.இ. (அங்கே 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு), ஏ லெவல் (18 வயதில் எழுதும், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் தேர்வு), தொழிற்படிப்புகள் எல்லாவற்றையும் நான்கு நிலைகள் கொண்ட ஒரே டிப்ளமாவுக்குள் கொண்டுவருவது, ஒரு நிலையில் பெற்றதை அடுத்த நிலையில் சேர்த்துக்கொள்வது, இதைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறைவேற்றுவது என்று அது பரிந்துரைத்தது. நல்ல வரைவு.

நடந்தது வேறு. 2005 பிப்ரவரி வெள்ளை அறிக்கையில் அரசு, ஏ லெவலும் ஜி.சி.எஸ்.இ.யும் அப்படியே இருக்கும், பக்கத்தில் தொழில் சார்ந்த டிப்ளமா மட்டும் வரும் என்று சொல்லிவிட்டது. 2008 செப்டம்பரில் பொறியியல், கட்டுமானம் உள்ளிட்ட ஐந்து துறைகளில் அது தொடங்கியது. 'நன்றாகப் படிப்பவர்களுக்கு ஏ லெவல், மற்றவர்களுக்கு டிப்ளமா' என்ற எண்ணம் பெற்றோரிடம் ஏற்பட அதிக நாள் ஆகவில்லை. சில ஆண்டுகளிலேயே டிப்ளமா நிறுத்தப்பட்டது. டாம்லின்சன் அறிக்கை முன்வைத்த தனிச் செயல்திட்டம் மட்டும் இன்றும் அங்கே தனித் தகுதியாக நடக்கிறது.

பழைய மதிப்புமிக்க சான்றிதழை வெளியே நிறுத்திவிட்டுப் புதியதற்கு மதிப்புத் தேட முடியாது. நமக்கும் இதே ஆபத்து உண்டு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்பிரிவும் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் "மார்க் குறைந்தால் தொழிற்பிரிவு" என்றுதானே சேர்க்கை நாளில் பேசுகிறோம்?

என் தாத்தா கடலுக்குப் போனார், அப்பாவும் போகிறார். தொழிலையும் சான்றிதழில் சேர்ப்போம் என்று நீங்கள் சொல்லும்போது, மீனவர் பிள்ளை மீனவராகவே இருக்கட்டும் என்றுதானே பொருள்? இது குலக்கல்வி இல்லையா, சார்? (கல்லூரி மாணவர், பாம்பன்)

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் இத்திட்டத்தை ஏற்கக் கூடாது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று இருந்தது. தமிழ்நாடு கொதித்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த நினைவு நமக்குக் காவலாக இருப்பது நல்லதுதான்.

ஆகவே மூன்று விதிகளை மாற்ற முடியாதபடி எழுதிவைக்க வேண்டும் என்பேன். முதலாவது: குடும்பத் தொழிலைப் பார்த்துப் பாடம் ஒதுக்கக் கூடாது, மீன்வளத்தைப் பள்ளி எழுத்தரின் மகளும் எடுக்கலாம், வலைஞரின் மகன் கணினியும் எடுக்கலாம். இரண்டாவது: எந்தப் பிரிவை எடுத்தாலும் கல்லூரிக் கதவு மூடக் கூடாது, கணிதம் போதவில்லை என்றால் அந்த ஒரு பகுதியை மட்டும் பிறகு படித்துச் சேர்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். மூன்றாவது: உழைப்புக்கு மதிப்பெண் கிடையாது, கற்றதற்கே உண்டு. பள்ளி வயதுப் பிள்ளை படகேறியதற்காக ஒரு புள்ளிகூடத் தரக் கூடாது. கரையில் கற்க எவ்வளவோ இருக்கிறது: எஞ்சின், ஜி.பி.எஸ்., கூட்டுறவுச் சங்கக் கணக்கு, ஏலக்கூடத்தில் விலை படியும் விதம்.

இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

செயல்திட்டம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். அதில் படிப்பு எங்கே இருக்கிறது? (பெற்றோர், வேதாளை)

பாக் நீரிணைப் பக்கம் நம் பெண்கள் செய்யும் கடல்பாசி வளர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் 20 கயிறுகள், ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுவடை. ஒரு மாணவி வாரம் ஒருமுறை ஒரே கயிற்றை எடுத்து நீர் வடியவிட்டு எடை போடுகிறாள். கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் குறிக்கிறாள். 60 கிலோ 240 கிலோ ஆனால், தினசரி வளர்ச்சி எவ்வளவு? கூட்டு வட்டி வாய்பாடும் மடக்கையும் தெரிந்தால் 3.1 சதவீதம் என்று வரும். ஒரு வாரம் எடை ஏறவில்லை. மழைநீர் கலந்து உப்புத்தன்மை குறைந்ததாலா, ஓரா மீன் மேய்ந்ததாலா? கொம்பு நுனிகள் கடிபட்டிருக்கின்றனவா, வெளுத்திருக்கின்றனவா என்று பார்த்தால் காரணம் பிடிபடும். அதை அவள் நான்கு பக்கம் தமிழில் எழுதி, கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கணிதம், உயிரியல், மொழி மூன்றும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கின்றன. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருப்பதால் கேட்டுத் தெளிவதற்கும் ஆள் உண்டு.

ஆசிரியரே மதிப்பெண் போட்டால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுமே? (ஆசிரியை, பெரியபட்டினம்)

கிடைக்கும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்கள் எப்படிப் போடப்படுகின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளியே மதிப்பிடட்டும், ஆனால் அவற்றில் சில குறிப்பேடுகளைப் பெயர் மறைத்து வேறு ஒன்றியத்தின் ஆசிரியர் மறுபடி திருத்த வேண்டும். இரண்டு மதிப்பெண்களும் அதிகம் விலகினால் அந்தப் பள்ளியின் எல்லாக் குறிப்பேடுகளையும் திருத்த வேண்டும். மொழிக்கும் கணிதத்துக்கும் பொதுத்தேர்வு தொடரட்டும். இந்தப் பணிக்கு ஆசிரியருக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்காமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் திட்டம் முதல் ஆண்டிலேயே படுத்துவிடும்.

பனைத் தொழில் சீசனில் குடும்பத்தோடு விடிலிக்கு (பனங்காட்டுக் குடிசைக்கு) போய்விடுகிறோம். பிள்ளை தேர்வைத் தவறவிடுகிறான். (பனைத் தொழிலாளி, சாயல்குடி)

அண்ணே, உங்கள் பிள்ளைக்கு இந்த அமைப்பு நேரடியாக உதவும். ஒரே மார்ச்சில் எல்லாவற்றையும் வைக்காமல், ஆண்டில் இரண்டு மூன்று முறை பகுதி பகுதியாகத் தேர்வு எழுதலாம். தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம் என்ற வழக்கம் நம் துணைத்தேர்வில் ஏற்கனவே இருக்கிறது. அதை விரிப்பதுதான் இது. கற்றலைக் கிரெடிட் என்ற புள்ளிகளாக எண்ணும் தேசிய கிரெடிட் கட்டமைப்பு 2023-இல் வந்தது. ஓராண்டின் 1,200 மணி நேரக் கற்றலை அது 40 கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. எண்ணும் முறை எதுவானாலும், ஒன்றில் எச்சரிக்கை தேவை. பாடத்தை மிகச் சிறு துண்டுகளாக வெட்டினால் எளிதானதைப் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கம் வரும். நியூசிலாந்தில் 2002 முதல் நடந்துவரும் கிரெடிட் முறைமீது இந்தக் குறை எழுந்தது; அதை மாற்றப்போவதாக அந்நாட்டு அரசு 2025-இல் அறிவித்தது. பாடத்துக்கு இரண்டு பகுதிகள் போதும்.

வெளிநாட்டு வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா? (கீழக்கரை)

பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று முகப்பிலேயே அச்சிட்டு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்கினால் செல்லும். புதுப் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

சமச்சீர் கல்வி வந்தபோதே எல்லாம் ஒன்றாகிவிட்டதே? (தொண்டி)

அது பத்தாம் வகுப்பு வரை. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்த பாடத்திட்டங்களை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. வழக்கு நடந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முடியாது என்று சொன்னவர்கள் அன்றும் நிறையப் பேர்.

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. இந்தத் திட்டமெல்லாம் வரும்வரை நாங்கள் என்ன செய்வது? (ஒரு தாய், தேவிபட்டினம்)

இப்போதே சில இணைப்புப் பாதைகள் உண்டு அம்மா. நம் ஊர்களில் பலருக்கு அவை தெரியாது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்துத் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். ஐ.டி.ஐ. முடித்தவரும், பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் அல்லது தொடர்புடைய தொழிற்பிரிவு படித்தவரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. மகளுக்கு எதில் விருப்பம் என்று முதலில் அவளிடமே கேளுங்கள். பிறகு சேர்க்கைக்குப் போகும் இடத்தில், "இங்கிருந்து அடுத்து எங்கே சேரலாம், அதற்கு எந்தத் தாள் எழுத வேண்டும்?" என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.