அயர்லாந்தின் ஹர்லிங், கமோகி, பப் கதைகள் எல்லாம் சுற்றுலாவுக்காக உயிரூட்டியவையா? மகளைச் சேர்க்க என்ன வாங்க வேண்டும்?

கேட்டவர் எழுதியிருப்பது: அயர்லாந்துக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகிறது. எட்டு வயது மகளைக் கமோகியில் சேர்க்கச் சொல்கிறது பள்ளி. ஹாக்கி மாதிரிதானே, இந்தப் பழம்பெருமையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டத்தானா, மட்டை எப்படிப் பார்த்து வாங்குவது, பப்பில் கதை சொல்கிறார்களாமே, குடும்பத்தோடு போகலாமா?

கமோகியும் ஹர்லிங்கும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் ஆட்டங்கள், ஹாக்கி இல்லை. அப்படி நினைத்து இறங்கும் பிள்ளைக்கு முதல் நாளே கை தவறிப்போகும். கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரர் மட்டைப் பிடியின் உச்சியில் வைப்பது இடக்கையை. ஹாக்கியிலும் அப்படியே. ஹர்லிங்கில் வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலக்கைதான் உச்சியில். காரணம் இருக்கிறது. மேலே வரும் பந்தை இங்கே வெறும் கையால் பிடிக்கிறார்கள். ஓடும்போது மட்டை பலமான கையில் தனியாக நிற்க வேண்டும், மற்றக் கை பந்துக்காகக் காலியாக இருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் தெருக் கிரிக்கெட் பழக்கத்தில் இடக்கையை மேலே வைப்பார்கள். எதிராளி வீசும்போது ஒற்றைக் கையால் மட்டையை நீட்டித் தடுக்க வேண்டிய நேரத்தில் அது பலமில்லாத கையில் இருக்கும். அந்தப் பிடியிலேயே பெரிய ஆட்டக்காரர் ஆனவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதில் எளிதாகத் திருத்தக்கூடியதைப் பதினைந்தில் திருத்துவது பெரும்பாடு.

கமோகி என்பது பெண்கள் ஆடும் ஹர்லிங். 1904 முதல் அதற்குத் தனிச் சங்கம் உண்டு. பக்கத்துக்கு 15 பேர், 'எச்' வடிவக் கம்பம். குறுக்குக் கம்பிக்குக் கீழே பந்து போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. 1-20 என்று போட்டிருந்தால் ஒரு கோலும் இருபது புள்ளியும், ஆக மொத்தம் 23. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் கெண்டித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டு வைக்கலாம், அதற்குமேல் ஓட வேண்டுமென்றால் மட்டையின் அகன்ற முனையில் பந்தைத் தாங்கிக்கொண்டு ஓட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு ஆள் குறைவு, திடல் சிறிது, பந்தும் லேசு. இவை போதும், மீதியைத் திடலில் கற்றுக்கொள்வாள்.

இனி மட்டை. இதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ஹர்லி மட்டை ஆஷ் மரத்தில் செய்வது. ஆஷ் மரத்தின் எந்தப் பலகையும் ஆகாது. தரையை ஒட்டிய முதல் 1.3 மீட்டர் மட்டும்தான் வேண்டும், அதாவது வேர் பிரியத் தொடங்கும் தூர்ப்பகுதி. மரம் 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். தூரில் வேர் வெளியே வளையும் இடத்தில் மரத்தின் ரேகையும் அதோடு சேர்ந்து வளைகிறது. பிடியிலிருந்து நேராக இறங்கி வந்த ரேகை, முனையில் வளைந்து திரும்புகிறது. மட்டையின் வளைவு மரத்திலேயே இருப்பது. பட்டறைக்காரர் அதைக் கண்டுபிடித்து அறுத்து, இழைத்துக் கொடுக்கிறார். நேர்ப்பலகையில் அதே வடிவத்தை வெட்டினால் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் வளைவில் ரேகை குறுக்கே அறுபட்டு வெளியேறும். இரண்டு மட்டைகள் மோதும் முதல் மோதலில் குதிகால் பக்கம், அதாவது வளைவின் வெளிப்புறம், அந்த ரேகை வழியே பிளந்துவிடும்.

ஆகவே கடையில் மட்டையை வெளிச்சத்தில் பிடித்து ரேகையைப் பாருங்கள். பிடியிலிருந்து ஒரு கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். அது முனை வரை வளைந்து போனால் எடுங்கள், குதிகாலில் நேராக வெளியே ஓடிவிட்டால் வையுங்கள். முடிச்சு இருந்தால், அதுவும் கழுத்துப் பகுதியில், வேண்டவே வேண்டாம். ரேகைகள் மிக நெருக்கமாக இருந்தால் நல்ல மரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆஷில் வேகமாக வளர்ந்து சற்று அகன்ற வளையம் போட்ட மரம்தான் உறுதி. பிறகு முனையைத் தரையில் ஊன்றி நடுவில் மெல்ல அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து சட்டென்று திரும்ப வேண்டும். அசையாத மட்டை அடிக்கும் போதெல்லாம் அதிர்ச்சியை மணிக்கட்டுக்கு அனுப்பும்.

அளவு அங்குலத்தில் சொல்வார்கள். பிள்ளையை நேராக நிற்கவைத்து மட்டையைக் காலோரம் ஊன்றினால் பிடியின் உச்சி இடுப்பெலும்பைத் தொட வேண்டும், அவ்வளவுதான். எட்டு வயதுக்குப் பெரும்பாலும் 24 முதல் 26 அங்குலம் வரும். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், இடுப்பைப் பார்த்து வாங்குங்கள். "வளருகிற பிள்ளை, ரெண்டு வருஷத்துக்கு ஆகட்டும்" என்று பெரிதாக வாங்குவது நம்மவர் வழக்கம். சீருடைக்கு அது சரி. நீளமான மட்டையில் பிள்ளை கையைக் கீழே இறக்கிப் பிடிக்கும், பிடியின் மேல்நுனி வீசும்போதெல்லாம் வயிற்றில் இடிக்கும், வீச்சு தாமதமாகும். ஒரு பருவம் முழுக்கத் தவறான வீச்சைப் பழகிவிடும்.

முனையைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்று ஆணியடித்திருக்கும். பிளவு பரவாமல் தடுப்பது அது. சிறு பிள்ளை மட்டைக்கு அது கட்டாயம் தேவையில்லை, முனையில் எடை கூடும். தகடு இருந்தால் ஆட்டத்துக்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். ஆணித்தலை எழும்பியிருந்தாலோ தகட்டின் ஓரம் விரிந்திருந்தாலோ ஆட விடாதீர்கள், அது அடுத்த பிள்ளையின் விரலைக் கிழிக்கும். மழையில் நனைந்த மட்டையை ஹீட்டர்மேல் சாய்த்து வைக்காதீர்கள். காய்ந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். துடைத்து நிழலில் வையுங்கள், அவ்வப்போது ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசுங்கள்.

தலைக்கவசம் முகக்கம்பியோடு கட்டாயம். ஐ.எஸ். 355 என்ற தரக்குறி உள்ளே இருக்கிறதா பாருங்கள். பார்வை மறைக்கிறது என்று கம்பியை வளைப்பதும் அறுப்பதும் இங்கே பெரியவர்களே செய்யும் தவறு. கம்பிகளுக்கிடையே மட்டை நுனி நுழையாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி கணக்கிடப்பட்டிருக்கிறது.

ஆஷ் தவிர்த்து மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டைகள் வந்துவிட்டன. தொடங்கும் பிள்ளைக்கு அவை போதும் என்பேன். ஆஷ் இல்லாவிட்டால் ஹர்லியே இல்லை என்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2012 அக்டோபரில் லீட்ரிம் மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நாற்றுகளில் ஆஷ் பட்டுப்போகும் பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உதிர்ந்த இலைக்காம்பில் தங்கி, கோடையில் வித்துகளைக் காற்றில் பரப்பி, இலை வழியே கிளைக்குள் இறங்குகிறது. உச்சியிலிருந்து மரம் காய்கிறது. தளர்ந்த மரத்தின் தூரை வேறு பூஞ்சைகள் பிடிக்கின்றன, மட்டைக்கு வேண்டிய அதே அடிப்பகுதியை. இன்று பெரும்பகுதி ஆஷ் இறக்குமதிதான். இந்த நாட்டின் மரபு விளையாட்டுக்கு உண்மையான ஆபத்து இதுதான். சுற்றுலாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சுற்றுலா என்ற சொல் என்னைத் தொட்டுவிட்டது, அதனால் கொஞ்சம் வரலாறு. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்துக்கும் அதைத் தொடர்ந்த குடிபெயர்வுக்கும் பின் ஹர்லிங் பல ஊர்களில் அற்றுப்போனது. 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி மாவட்டம் தர்லஸ் ஊரின் ஹேய்ஸ் ஓட்டலில் மைக்கேல் குசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடிக் கேலிக் தடகளச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த காரியத்தின் வலு எங்கே என்றால், பங்குக்கு (தேவாலயத்தை ஒட்டிய ஊர்ப் பகுதிக்கு) ஒரு கிளப், அதற்குமேல் மாவட்டம் என்று கட்டியதில். பிறந்த பங்குக்கு ஆடுகிறீர்கள், சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஞாயிறு ஆடியவர் திங்கள்கிழமை பள்ளியில் பாடம் நடத்துவார். உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறவரும் சம்பளம் வாங்காதவர். காவல்துறைச் சரிபார்ப்பு முடித்துத்தான் பிள்ளைகளிடம் வருகிறார். பயணிகளுக்குக் காட்டும் நிகழ்ச்சி எதுவும் 140 ஆண்டு இப்படி ஓடாது.

கண்ணை மூடிக்கொண்டு புகழ்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். இந்த மறுமலர்ச்சிக்குக் குறுகிய முகமும் இருந்தது. கால்பந்து, ரக்பி போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடினாலும் பார்த்தாலும் நீக்கம் என்ற விதி 1971 வரை இருந்தது. ஐரிஷ் மொழிக்காக 1893இல் கேலிக் லீகைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் டக்ளஸ் ஹைட். அவர் நாட்டின் குடியரசுத் தலைவராக ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் போனார் என்பதற்காக 1938இல் சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்தே நீக்கினார்கள். கமோகியில் பெண்கள் குட்டைப்பாவாடை போன்ற 'ஸ்கோர்ட்' தான் அணிய வேண்டும் என்ற விதியோ 2025 மே வரை நீடித்தது. அரைக்கால்சட்டை போட்டுக்கொள்ள வீராங்கனைகள் களத்தில் நின்று போராட வேண்டியிருந்தது. மரபு என்ற பெயரில் பெண்பிள்ளையின் உடையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. உங்கள் மகளுக்கு இப்போது அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஸ்லியோட்டார்', 'சீன்சாய்' என்று எழுதுகிறார்கள். பந்தின் பெயர் ஷ்லிட்டர். கதைசொல்லியின் பெயர் ஷனஹி. அந்த மொழியை ஐரிஷ் என்று சொன்னால் போதும். நம் ழகரத்தைப் பிறர் கெடுத்தால் நமக்கு வலிக்கிறதே, அதே வலிதான் அவர்களுக்கும்.

பப் கதைக்கு வருகிறேன். ஷனஹி ஆதியில் பப்பில் கதை சொன்னவர் அல்லர். குளிர்காலத்தில் ஊரார் இரவில் கூடும் ஒரு வீட்டின் அடுப்படிதான் அவர் மேடை. 1935இல் வந்த நடனக்கூடச் சட்டத்தைப் பாதிரிமாரும் போலீசாரும் வீட்டுக் கூட்டங்கள்மீதும் பாய்ச்சினார்கள், பாட்டும் ஆட்டமும் வீட்டை விட்டு வெளியேறின. பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கும் 'செஷன்' பழக்கம் வேரூன்றியது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின், லண்டனில் கூலிவேலை செய்த ஐரிஷ்காரர்களிடம். அங்கிருந்து அது ஊர் திரும்பியது.

அதே 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையமும் தொடங்கியது. சேகரிப்பாளர்கள் எடிஃபோன் கருவியைச் சுமந்துகொண்டு மலைக்கிராமங்களுக்குப் போய் மெழுகு உருளையில் கதைகளைப் பதிந்தார்கள். வார்த்தை வார்த்தையாக எழுதியபின், உருளை வாங்கக் காசில்லாததால் மெழுகைச் சீவி மறுபடி பயன்படுத்தினார்கள். கதை தப்பியது, அந்தக் குரல்களில் பல தப்பவில்லை. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவந்த நோட்டுகள் இன்று டூஹஸ் (duchas.ie) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அந்த ஊர்க் கிணற்றுக்கும் மேட்டுக்கும் என்ன கதை என்று பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கையெழுத்தில் இருக்கும். மகளுக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டு அந்த இடத்துக்கே நடத்திக் கூட்டிப் போகலாம்.

பப்புக்குப் பிள்ளையோடு போகலாம், நீங்கள் கூடவே இருக்க வேண்டும். சட்டப்படி இரவு 9 மணிக்குள் பிள்ளைகள் வெளியேற வேண்டும், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. பல செஷன்கள் தொடங்குவதே ஒன்பதரைக்கு என்பதால் ஞாயிறு பிற்பகலில் நடப்பதைத் தேடுங்கள். டீ கேட்டால் டீ தருவார்கள், மது வாங்கியாக வேண்டும் என்பதில்லை. வாத்தியக்காரர் வட்டத்தில் காலியாக இருக்கும் நாற்காலி காலியானதல்ல, உட்காராதீர்கள். தாளத்துக்குக் கைதட்டாதீர்கள், மெட்டு மாறும் இடத்தில் அது வாசிப்பவரைக் குழப்பும். பாட்டோ கதையோ தொடங்கினால் பேச்சை நிறுத்துங்கள், குவளையைக்கூட மெல்ல வையுங்கள். ஃபோனில் பதிவதென்றால் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

கதையோ பாட்டோ முடித்தவருக்கு அடுத்து யார் என்று அழைக்கும் உரிமை உண்டு. அதற்கு 'நோபிள் கால்' என்று பெயர். உங்களை அழைத்தால் மறுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் போகாத நம் ஊர்க் கதை ஒன்று போதும், ஆனால் ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள். எந்த ஊர், எந்த ஆறு, யார் வீட்டுத் திண்ணை என்று தெரியாத கதையை அவர்கள் கதையாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டாம், அடுத்தவரை அழைக்க வேண்டியது நீங்கள்தான்.