லைஃப் கோச்கிட்ட போனா என்ன கிடைக்கும், 3 மாசத்துக்கு 60,000 ரூபா குடுத்து சேரலாமா?

இந்தக் கேள்விக்கு வந்த மத்த பதிலெல்லாம் படிச்சேனுங்க. எல்லாரும் ஒரே மாதிரி "பணம் புடுங்கற வேலை, நல்ல பிரண்டு ஒருத்தன் இருந்தா போதும்"னு எழுதி வெச்சிருக்காங்க. இதுல எத்தனை பேர் லைஃப் கோச்கிட்ட, அதாவது நம்ம முடிவ நாமளே எடுக்க கேள்வி கேட்டு உதவறவங்ககிட்ட, ஒரு செஷனாவது உக்காந்து பாத்தாங்கன்னு தெரியல. நான் உக்காந்தவன், கிட்டத்தட்ட ஆறு மாசம் காசு கட்டி உக்காந்தவன், அதனால எழுதறேன். நான் எந்தக் கோச்சுக்கும் ஏஜெண்ட் கிடையாது, என்னோட கோச் பேரு கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, சொல்ல மாட்டேன்.

நீங்க பேரு ஊரு போடல. 60,000, மூணு மாசம், "வாழ்க்கையில கிளாரிட்டி"ன்னு எழுதியிருக்கறத பாத்தா ஐடி வேலை, வயசு முப்பது முப்பத்தஞ்சு, இன்ஸ்டாகிராம் விளம்பரத்துல மாட்டியிருக்கீங்கன்னு நெனைக்கறேன். தப்பா இருந்தா விட்ருங்க.

நான் திருப்பூர்ல கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் பண்றேன். அப்பா காலத்துக்கு அப்புறம் அண்ணனும் நானும் சேந்து நடத்தின யூனிட்டு. மெஷின், டிசைன், ஆளுங்க, நைட் ஷிப்ட்டு எல்லாம் நான், பணம், பேங்க், வேலை குடுக்கற பார்ட்டிங்க எல்லாம் அண்ணன். வெளிய பாத்தா நல்லாத்தான் ஓடுச்சு. எனக்கு அதுல இருந்து பிரிஞ்சு தனியா பண்ணணும்னு ரொம்ப வருஷமா ரோசனை, ஆனா வாயத் தொறந்து சொல்ல முடியல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும், அப்புறம் விடிய விடிய அண்ணன்கூட மனசுக்குள்ளயே சண்டை. எங்க வீட்டம்மா ஒரு நாள் "ஏனுங்க, நீங்க தூக்கத்துல பேசறீங்க"ன்னாங்க. அவங்க அக்கா கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில ஹெச்ஆர், அவங்க மூலமாத்தான் இந்த கோச் மேடம் நெம்பர் வந்துச்சு.

முதல் பேச்சுலயே அந்தம்மா கேட்டது தூக்கத்த பத்தி, பசிய பத்தி, உயிர விட்ரலாம்னு தோணுதான்னு கூட நேராவே கேட்டாங்க. தோணலைன்னேன். "சரிங்க சார், இருந்தாலும் முதல்ல ஒரு டாக்டர பாத்துட்டு வாங்க, அப்புறம் நாம ஆரம்பிக்கலாம்"னு சொல்லி பணமே வாங்காம அனுப்பிட்டாங்க. போய்ப் பாத்தா பிபி 160க்கு மேல. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. மனநல டாக்டர்கிட்டயோ கவுன்சலர்கிட்டயோ போக வேண்டிய ஆள, போன்னு சொல்லத் தெரியாத கோச்கிட்ட போகாதீங்க. இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா, அதாவது மனசுப் பிரச்சனைக்கு பேசி சிகிச்சை குடுக்கறவங்க, நம்ம நாட்டுல 1992ல வந்த சட்டப்படி ரீஹாபிலிடேஷன் கவுன்சில்ங்கற அரசு அமைப்புல பதிவு பண்ணியிருக்கணும். லைஃப் கோச்சுக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. நான் நாளைக்கே எம்ப்ராய்டரி போர்ட கழட்டிட்டு லைஃப் கோச்னு போர்டு மாட்டலாம், ஒருத்தரும் கேக்க முடியாது.

இருக்கறதுல ஐசிஎஃப்னு (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) கோச்சுகளுக்கு சர்டிபிகேட் குடுக்கற ஒரு அமைப்பு ஓரளவு உருப்படி. அமெரிக்காவுல பைனான்ஷியல் பிளானரா இருந்த தாமஸ் லெனார்டுங்கறவர் 1995ல ஆரம்பிச்சது. அவங்க குடுக்கற சர்டிபிகேட்டுல மூணு படி: ஏசிசிக்கு 100 மணி நேரம் கோச்சிங் பண்ணியிருக்கணும், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500. படிப்பு தனி. எங்க மேடம் பிசிசி. சர்டிபிகேட் இருந்தா நல்லவங்கன்னு நான் சொல்ல வரல, ஒரு ஞாயித்துக்கெழமை வெபினார் பாத்துட்டு திங்கக்கெழமை கோச் ஆனவங்கள வடிகட்டவாவது ஆகும்.

சரி, செஷன்ல என்னதான் நடக்கும். ஜூம்ல ஒரு மணி நேரம். அறிவுரை சொல்லவே மாட்டாங்க, எனக்கு முதல் ரெண்டு தடவ செம கடுப்பு. பேச்சு எப்பவும் ஒரே வரிசைதான்: என்ன வேணும், இப்ப நெலம என்ன, என்னென்ன வழி இருக்கு, இதுல எத எப்பச் செய்வீங்க. ஜான் விட்மோர்னு கார் ரேஸ் ஓட்டின ஒருத்தர் 1992ல எழுதின புத்தகத்தால பரவின முறையாம், குரோன்னு பேரு. கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா "நெலம என்ன"ங்கற எடத்துல ஆளப் புடிச்சு நிறுத்திருவாங்க. நான் "அண்ணன் ஒத்துக்க மாட்டாரு"ன்னேன். "கேட்டீங்களா?"ன்னாங்க. கேக்கல. "அப்ப ஒத்துக்க மாட்டார்னு யார் சொன்னா?" இப்படியே போகும். அடுத்த தடவ வந்தா முதல் கேள்வி, போன வாரம் பண்றேன்னு சொன்னத பண்ணீங்களா. பண்ணலேன்னா திட்ட மாட்டாங்க, ஆனா ஏன் பண்ணலங்கறதுலயே அந்த ஒரு மணி நேரமும் போயிரும், என் காசு. அதுக்குப் பயந்தே நெறைய வேலை பண்ணினேன்.

ஒரு நாள் "அண்ணன்கிட்ட என்ன வார்த்தைல சொல்வீங்க, இப்ப எங்கிட்ட சொல்லிக் காட்டுங்க"ன்னாங்க. நான் "அண்ணா, வந்து..."ன்னு ஆரம்பிச்சு அதுக்கு மேல போகவே இல்ல. ஐம்பது ஆளுக்கு சத்தம் போட்டு வேலை வாங்கறவன், லேப்டாப் முன்னாடி தொண்டை அடைச்சு உக்காந்திருக்கேன். திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சாங்க. குத்தம் சொல்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தா "இது வேணுமா"ன்னு கேப்பாங்க, நானே எடுத்துருவேன். கடைசில "அண்ணா, எனக்கு நாலு மெஷின் பிரிச்சுக் குடுங்க, லோன்ல என் பங்க நான் கட்டிக்கறேன், தனியாப் பண்ணிப் பாக்கறேன்"னு மூணே வரி மிஞ்சுச்சு. ஆடி முடிஞ்சு ஒரு நல்ல நாள் பாத்து சொன்னேன்.

பிரண்டு போதுங்கறவங்களுக்காகத்தான் இத இவ்வளவு நீட்டி எழுதறேன். என் பிரண்டுகள்கிட்ட சொல்லியிருந்தா பாதிப் பேர் "அண்ணன் மேல கேஸ் போடு"ம்பான், மீதிப் பேர் "குடும்பம் முக்கியம்டா"ம்பான், ஒருத்தன் அண்ணன்கிட்டயே போய்ச் சொல்லிருவான். எங்க மாமா "காசு குடுத்து கேள்வி கேக்கறதுக்கு ஆள் வெச்சிருக்கான் மாப்ள"ன்னு கல்யாண வீட்டுப் பந்தியில சொல்லிச் சிரிச்சாரு. சிரிக்கட்டும். அவரு பையனுக்கு ஜாதகம் பாக்க செலவழிச்சத கணக்குப் போட்டா நான் குடுத்தது ஒண்ணுமே இல்ல.

அதுக்காக எல்லாம் சுபமா முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. அண்ணன் மெஷின் பிரிச்சுக் குடுத்தாரு, ஆனா ரொம்ப நாள் பேசல, இப்பவும் விசேஷத்துல பாத்தா "வாப்பா"ங்கறதோட சரி. தூக்கம் வந்துருச்சு, அது மாத்திரையினாலயா பேசினதாலயான்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. வருமானம் முன்னவிடக் கம்மி.

வருமானம்னதும் ஒண்ணு சொல்லணும், உங்க கேள்விக்கு சம்பந்தம் கம்மிதான், பொறுத்துக்கங்க. கோச் எவ்வளவு கேள்வி கேட்டாலும் பார்ட்டிகிட்ட இருந்து பேமெண்ட் வராதுங்க. தனியா வந்த அப்புறம்தான் அண்ணன் இத்தனை வருஷம் என்ன பாடுபட்டிருக்காருன்னு புரியுது. ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு பைசான்னு பேசி வேலைய முடிச்சு டிசி (டெலிவரி சலான்) போட்டு அனுப்பினா, 90 நாள் 120 நாள்னு இழுக்கறாங்க. 2006ல வந்த சிறு தொழில் சட்டத்துலயே சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்கு மேல பணத்த இழுக்கக் கூடாதுன்னு இருக்கு. 2024 ஏப்ரல்ல இன்கம் டாக்ஸ்லயும் 43பி(எச்)னு ஒரு பிரிவு கொண்டுவந்தாங்க, கெடு தாண்டினா நமக்குப் பணத்த குடுக்கற வரைக்கும் பார்ட்டி அந்தச் செலவ அவங்க வரிக் கணக்குல கழிக்க முடியாதுன்னு. சின்ன யூனிட்டுன்னு கவர்மெண்ட்ல பதியறதுதான் உத்யம், அது இருந்தாத்தான் இந்தச் சட்டம் பார்ட்டியப் புடிக்கும். அதுக்கு ஒரு பார்ட்டி எங்கிட்ட என்ன சொன்னாருன்னா, "தம்பி உங்க உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணிருங்க, இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்". சிரிச்சுகிட்டே சொல்றாரு. இதுக்கு என்ன மைண்ட்செட் மாத்தறது? மேடத்துகிட்ட சொன்னப்ப அவங்களும் "சார், இது உங்க ஆடிட்டர்கிட்ட பேச வேண்டியது"ன்னுட்டாங்க, அந்த நேர்மைக்கே இன்னொரு செஷன் காசு குடுக்கலாம்.

அதனால உங்களுக்கு செட் ஆகுமான்னா, மனசுல ஒரு முடிவு பாதிக்கு மேல இருந்து, அத சொல்லவோ செய்யவோ தள்ளிப் போட்டுட்டே இருக்கீங்கன்னா ஆகும். வேலை மாறணும், தொழில் பிரிக்கணும், பிரேக் எடுத்துட்டு திரும்ப வேலைக்குப் போகணும், இந்த மாதிரி. மேனேஜர் ராட்சசன், சம்பளம் பத்தல, வீட்டுல அடி விழுதுங்கறதுக்கெல்லாம் கோச் ஆகாது, அங்க தப்பு உங்க மேல இல்ல. எதுலயும் புடிப்பில்ல, காலைல எந்திரிக்கவே முடியலன்னா முதல்ல 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு மனநல உதவி லைன், கவர்மெண்ட் நடத்தறது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், பைசா கிடையாது.

அப்புறம் ஓட்டல் ஹால்ல ரெண்டு நாள் மைக்ல கத்தவிட்டு, பாட்டுப் போட்டு கட்டிப்புடிச்சு அழவெச்சு, சாயங்காலம் "டைமண்ட் பேக்கேஜ்" விக்கறாங்களே, அத இதோட சேக்காதீங்க. என் மச்சினன் 85,000 கட்டினான். கடைசில அவனையே கோச் ஆகச் சொல்லி, இன்னும் நாலு பேர சேத்துவிடச் சொன்னாங்க.

எனக்கு ஒரு செஷன் 3,500, செஷன் வெச்சாக் கட்டு, வெக்கலேன்னா விடு, பேக்கேஜே கிடையாது. ஓசில முதல் பேச்சு நெறைய பேர் குடுப்பாங்க, ரெண்டு மூணு பேர்கிட்ட பேசிப் பாருங்க. "இன்னைக்கு நைட்டுக்குள்ள கட்டினா ஆபர்"னு சொன்னா அப்பவே போன வெச்சிருங்க. உங்க 60,000ல எத்தனை செஷன், பாதில நிறுத்தினா மீதி திரும்ப வருமான்னு வாட்ஸ்அப்ல எழுதியே கேளுங்க. பதில் வந்தா இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.