'பாஸ்டு' என்று வந்தால் போதுமா? ஹார்ட் டிஸ்க் கேள்வி பதில்

ரங்கூனில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். லினக்ஸ் டெர்மினலில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் கண்காணிப்பது பற்றி மட்டும் கேளுங்கள். 'பாஸ்டு' என்பது டிஸ்க் தேறிவிட்டது என்று அது தரும் தீர்ப்பு. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'பெரிய ஏ', 'சிறிய ஏ' என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. அவற்றின் முன்னே ஒட்டி ஒரு சிறுகோடு வர வேண்டும்.

மோல்மேன், ஆசிரியை: எங்கள் பழைய படங்கள் உள்ள டிஸ்க் 'பாஸ்டு' என்கிறது. ஆனால் ஒரு படம் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. எதை நம்புவது?

அந்த ஒரு நிமிடத்தை நம்புங்கள், அம்மா. முதலில் நகல் எடுங்கள், பிறகுதான் சோதனை. அதன்பின் அந்தத் தொகுப்பின் கட்டளை: ஸ்மார்ட்சிடிஎல், பெரிய ஏ, டிஸ்க்கின் பெயர். வரும் பட்டியலில் கடைசி நெடுவரிசையில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய், உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள். 197 என்பது படிக்க முடியாமல் ஐயத்தில் கிடப்பவை. 198 என்பது சோதனையில் திருத்த முடியாமல் போனவை. 197 வாரத்துக்கு வாரம் ஏறினால் 'பாஸ்டு' என்ற சொல்லைத் துடைத்துப் போடுங்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எண் ஏறினால் ஆபத்து. ஏறாவிட்டால் ஆபத்து இல்லை என்று பொருள் இல்லை.

பெகு: பின்னணியில் ஓடி டிஸ்க்கைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி ('ஸ்மார்ட்' உடன் 'டி' எழுத்து) சேவையின் அமைப்புக் கோப்பில் என் டிஸ்க்குக்குத் தனி வரி எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை, அண்ணா.

மேலே 'டிவைஸ்ஸ்கேன்' என்று, டிஸ்க்குகளைத் தானே தேடச் சொல்லும் ஒரு வரி இருக்கிறதா? அதற்குக் கீழே எழுதும் எதையும் ஸ்மார்ட்டி படிப்பதில்லை. எத்தனை பேர் இதில் விழுந்திருக்கிறார்கள் தெரியுமா, நான் உட்பட! அந்த வரியின் முன்னே ஒரு கட்டக்குறி (ஹாஷ்) போட்டு முடக்குங்கள். பிறகு உங்கள் வரியில் சிறிய ஏ, அறிவிப்புக்குச் சிறிய எம்மும் உங்கள் முகவரியும், கூடவே பெரிய எம், 'டெஸ்ட்'. சேவையை மறுபடி தொடங்கியதும் சோதனை மடல் வர வேண்டும். வராவிட்டால் நிஜமான எச்சரிக்கையும் வராது.

அதே வரியில், டிஸ்க் முழுவதையும் பார்க்கும் நீண்ட சோதனைக்கு நேரமும் குறிக்கலாம். அதை அதிகாலை இரண்டு மணிக்கு வைக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உங்கள் தெருவில் மின்சாரம் இருக்கிறதா? பாதியில் போனால் பதிவில் 'இன்டரப்டெட்' என்று மட்டும் நிற்கும். என் கடையில் சனி பிற்பகல் ஒரு மணி: எல் (பெரிய எழுத்து, சிறுகோடு வேண்டாம்), மாதத்துக்கு இரண்டு புள்ளி, நாளுக்கு இரண்டு புள்ளி, கிழமைக்கு 6, மணிக்கு 13, இடையிடையே சாய்கோடு. இதன் முன்னே சிறிய எஸ் வர வேண்டும்.

தட்டோன்: யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கை ஸ்மார்ட்சிடிஎல் ஏற்க மறுக்கிறது.

சிறிய டி, 'சாட்' சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மாட்டுங்கள்.

ரங்கூன்: 'பாஸ்டு' வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

மோல்மேனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மண்டலே, ஓய்வுபெற்ற பொறியாளர்: தம்பி, மின்வெட்டையே பேசுகிறீர். டிஸ்க்கைக் கொல்வது வெயில்.

ஐயா, முன்பு சொன்ன கூகுள் ஆய்வு வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை என்கிறது. பட்டியலில் 192ஐப் பாருங்கள். திடீரென மின்சாரம் போய் முள் அவசரமாகப் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் அது ஏறும்.

அவரே: குளிரூட்டிய கூடத்தில் எடுத்த கணக்கு அது. சித்திரையில் என் மேசைக்கு வாரும். வெப்பநிலைக்கான 194இல் 53 டிகிரி காட்டுகிறது.

53 என்றால் ஒப்புக்கொள்கிறேன். வெப்பம் மிகவும் ஏறும்போது, அதிலும் மூன்று வயது தாண்டிய டிஸ்க்குகளில், பழுது கூடுவதை அந்த ஆய்வும் சொல்கிறது. உங்கள் வரியில் பெரிய டபிள்யூ, 4,45,55 என்று சேருங்கள்: 4 டிகிரி மாறினாலும் 45ஐத் தொட்டாலும் பதிவில் எழுதும், 55ஐத் தொட்டால் மடல் அனுப்பும். ஆனால் 192 எவ்வளவு என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

அவரே: 611.

பார்த்தீர்களா!

அவரே: டிஸ்க் இன்னும் ஓடுகிறது, பார்த்தீரா!

பெகு, இன்னொருவர்: 199 ஏறிக்கொண்டே போகிறது.

அது கேபிள் வழியே தரவு போகும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை. கேபிளை மாற்றுங்கள். பழைய எண் இறங்காது. மேலும் ஏறாமல் இருந்தால் சரி.

ரங்கூன்: எனக்கும் 'பாஸ்டு'தான். ஆனால் டக் டக் என்று சத்தம்.

உடனே அணையுங்கள். இது என் வேலை இல்லை, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். இனி 'பாஸ்டு' கேள்விக்குப் பதில் கிடையாது.

மோல்மேன், ஆசிரியை: நகல் பாதியில் நின்றுவிட்டது, ஐயா.

உங்களுக்குப் பதில் உண்டு. கோப்பு கோப்பாக எடுப்பதை நிறுத்துங்கள். கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து தரவை அள்ளும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ நிரலை நிறுவி, முழு டிஸ்க்கையும் அதைவிடச் சிறிதல்லாத இன்னொன்றுக்கு எடுங்கள். முதல் ஓட்டத்தில் சிறிய என் சேருங்கள். எளிதில் வருவதை முதலில் அள்ளிவிடும், அடம்பிடிக்கும் இடங்களைச் சுரண்டுவது பிறகு. கட்டளையின் கடைசியில், எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். அந்தக் கோப்பு மூன்றாவது டிஸ்க்கில் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.